கியோட்டோ சந்தையில் வாங்கிய பேஸ்பால் கையுறை மெய்ஜி காலத்ததுதானா?

பின்னால் படிக்க வருபவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒசாகாவில் வேலை பார்க்கும் ஒருவர், கியோட்டோவின் தோஜி கோயிலில் மாதந்தோறும் 21-ஆம் தேதி கூடும் சந்தையில் ஒரு பழைய தோல் கையுறையும் ஒரு ரப்பர் பந்தும் வாங்கியிருக்கிறார். இரண்டும் சேர்த்து 9,000 யென். 'மெய்ஜி காலத்துச் சாமான், அமெரிக்காவிலிருந்து ஸ்பால்டிங் குழு வந்தபோது கொடுத்துவிட்டுப் போனது' என்று விற்றவர் சொன்னாராம். (மெய்ஜி என்பது ஒரு ஜப்பானியப் பேரரசரின் பெயரால் வழங்கும் காலம், 1912-இல் முடிந்தது.) ஐந்து படங்களைப் போட்டு 'இது அசலா, ஏமாந்துவிட்டேனா?' என்று கேட்டிருக்கிறார். என்ன தோல், விலை எப்படி என்றும் கேட்டிருக்கிறார். தோல் வறண்டு கிடக்கிறதே, தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று கடைசி வரியில் இன்னொரு கேள்வி.

முதலில் அந்த எண்ணெய்ப் பாட்டிலை மூடி வையுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் ஏமாறவில்லை. இப்படி ஒரு கையுறையைப் போலியாகத் தைத்து, பழசாக்கி, 9,000 யெனுக்கு விற்றால் தையல் கூலிகூடக் கட்டாது. ஆகவே பொருள் பழையதுதான். அதன் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் கதையைத்தான் பிரித்தெடுக்க வேண்டும். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: இது எப்போது செய்தது, இது யார் கையில் இருந்தது. முதலாவதற்குத் தோலும் தையலும் முத்திரையும் ஓரளவு பதில் சொல்லும். இரண்டாவதற்குப் பொருள் வாய் திறப்பது அபூர்வம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் தோல் தொழில்நுட்பம் படித்தவன். வாணியம்பாடியில் ஒரு டேனரியில் தொடங்கி, இப்போது பதினெட்டு வருடமாக ஜப்பானில் ஹிமேஜி பக்கம் அதே வேலை. பழைய கையுறைகளைப் பிரித்துத் தைப்பது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. விளையாட்டு வரலாற்றில் பட்டம் எதுவும் இல்லை. தோலைப் பற்றிச் சொல்வதை நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பால்டிங் கதையை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். ஆல்பர்ட் ஸ்பால்டிங் பந்து வீச்சாளராக இருந்து, 1876-இல் சிகாகோவில் விளையாட்டுச் சாமான் கடை போட்டவர். 1888-89-இல் இரண்டு அணிகளைக் கூட்டிக்கொண்டு உலகம் சுற்றினார். ஹவாய், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, அங்கிருந்து கப்பலில் கொழும்பு, பிறகு எகிப்து, இத்தாலி, பிரான்ஸ், பிரிட்டன். 1889 ஜனவரியில் கொழும்பில் ஆடினார்கள். பிப்ரவரியில் பிரமிடுகளின் அடியில் ஆடிவிட்டு ஸ்பிங்ஸ் மேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பட்டியலில் ஜப்பான் கிடையாது. கொழும்பில் யாராவது தாத்தா பெட்டியிலிருந்து ஒரு பந்தை எடுத்து இதே கதையைச் சொன்னால் நான் காது கொடுத்துக் கேட்பேன். கியோட்டோவில் சொன்னால் முடியாது.

ஆனால் அதை வைத்து விற்றவரைப் பொய்யர் என்று சொல்லிவிட வேண்டாம். அமெரிக்க அணிகள் ஜப்பானுக்கு வந்தது உண்மை: 1908-இல் ஒரு குழு, 1913-இல் நியூயார்க் ஜயன்ட்ஸும் சிகாகோ வைட் சாக்ஸும், 1934-இல் பேப் ரூத்தோடு வந்த பெரிய நட்சத்திரக் கூட்டம். இந்தப் பயணங்களெல்லாம் சந்தைக்காரர் வாயில் கலந்து ஒரே பயணமாகிவிடும். நம்மூரில் எந்தப் பழைய கட்டிலைப் பார்த்தாலும் 'ஜமீன் வீட்டுக் கட்டில்' என்று சொல்வதில்லையா, அது மாதிரி.

மெய்ஜி காலம் என்பதற்கு வருவோம். மெய்ஜி 1868-இல் தொடங்கி 1912 ஜூலை 30-இல் முடிகிறது. அதற்குள் ஜப்பானில் பேஸ்பால் இருந்ததா என்றால், நன்றாகவே இருந்தது. 1872-இல் தோக்கியோவில் பாடம் நடத்த வந்த ஹொரேஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர்தான் மாணவர்களுக்கு முதலில் மட்டையும் பந்தும் கொடுத்தவர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. பாஸ்டன் பக்கம் ரயில் எஞ்சின் தொழில் படித்துவிட்டுத் திரும்பிய ஹிராஓகா ஹிரோஷி, 1878-இல் ஷிம்பாஷி ரயில்வே ஆட்களைச் சேர்த்து ஓர் அணி தொடங்கினார். அவருக்கு ஸ்பால்டிங்கே சாமான்கள் அனுப்பி உதவியிருக்கிறார். விற்றவர் சொன்ன பெயர் ஜப்பானுக்கு வந்த உண்மையான வழி இதுதான்: ஆள் வரவில்லை, சரக்கு வந்தது. 1896 மே மாதம் தோக்கியோவின் இச்சிகோ என்ற முதலாம் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் யோகஹாமாவில் இருந்த வெளிநாட்டவர் அணியை 29-4 என்று நொறுக்கினார்கள். அதன் பிறகு விளையாட்டு நாடெங்கும் பற்றிக்கொண்டது. ஹைக்கூ கவிஞர் மசாஓகா ஷிகி 1890 வாக்கில் மட்டையோடு நிற்கும் படம்கூட இருக்கிறது. ஆட்டத்தின் சொற்கள் பலவற்றுக்கு அவர் போட்ட ஜப்பானிய வார்த்தைகள் இன்றும் தொலைக்காட்சியில் ஒலிக்கின்றன. மனிதர் 1902-இல், 34 வயதில், காசநோயில் போய்விட்டார்.

ஆக, மெய்ஜி காலக் கையுறை ஜப்பானில் இருப்பதற்கு வாய்ப்பு உண்டு. உங்களுடையது அதுவா என்பதுதான் விஷயம்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு, விக்கெட் கீப்பரைத் தவிர எல்லாரும் வெறுங்கையால் பந்தைப் பிடிப்பது சாதாரணம். 1870-கள் வரை பேஸ்பாலும் அப்படித்தான். 1875-இல் சார்லி வெய்ட் என்பவர் கூட்டத்துக்குத் தெரியக்கூடாது என்று தன் உடம்பின் நிறத்திலேயே கையுறை போட்டுக்கொண்டு ஆடினார் என்பது ஸ்பால்டிங் எழுதிவைத்த கதை. கையுறை அணிவது கோழைத்தனம் என்ற எண்ணம் தளர்ந்து, 1890-களில் ஏறக்குறைய எல்லாரும் போட ஆரம்பித்தார்கள். அந்தக் காலக் கையுறை இன்றைக்குப் பார்க்கும் முறம் மாதிரி இருக்காது. குளிருக்குப் போடும் கையுறையைக் கொஞ்சம் உப்ப வைத்தது போல இருக்கும்: ஐந்து விரலும் தனித்தனி, உள்ளங்கையின் அடியில் பிறை வடிவில் ஒரு திண்டு, மணிக்கட்டில் ஒரு பொத்தான். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒன்றுமே இருக்காது. இருந்தால் ஓர் அங்குல அகலத்தில் தைத்த ஒற்றைத் தோல் துண்டு.

உங்கள் இரண்டாவது படத்தைப் பாருங்கள். அந்த இரண்டு விரல்களுக்கும் நடுவே தோல் வார்கள் குறுக்கும் நெடுக்குமாக, ஐலெட் எனப்படும் பித்தளை வளையமிட்ட ஓட்டைகள் வழியாகப் புகுந்து வெளியே வருகின்றன. பந்து உட்காருவதற்கு ஒரு குழி அமைகிறது. இந்த யோசனை செயின்ட் லூயிஸ் அணியின் பந்து வீச்சாளர் பில் டோக் என்பவருடையது. ராலிங்ஸ் நிறுவனம் 1920 வாக்கில் விற்கத் தொடங்கியது, 1922-இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. அதுவரை கையுறை கையைக் காக்கும் உறை. அதன் பிறகுதான் பந்தைப் பிடிக்கும் கருவி ஆனது. இப்படிப்பட்ட வார்க்கட்டு உள்ள கையுறை 1912-க்கு முன்னால் ஜப்பானில் தைக்கப்பட்டிருக்க வழியில்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்கள் கையுறை மெய்ஜி காலத்தது அல்ல.

இங்கே ஒரு எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் 'கையுறையின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி' அட்டவணைகள் எல்லாம் அமெரிக்கச் சரக்குக்குப் போட்டவை. ஓர் அம்சம் அமெரிக்காவில் எந்த வருடம் வந்தது என்று தெரிந்தால், ஜப்பானியக் கையுறைக்கு அது கீழ் எல்லை மட்டும்தான். 'இதற்கு முன் இல்லை' என்று சொல்லலாம், 'இந்த வருடம்' என்று சொல்ல முடியாது. இங்கே ஒரு மாதிரியைப் பார்த்து நகலெடுக்கச் சில வருடம் ஆகும். நகலெடுத்த பிறகு, அங்கே வழக்கொழிந்த மாதிரியைச் சிறுவர்களுக்கான மலிவுச் சரக்காக இங்கே இன்னும் நெடுநாள் தைத்திருப்பார்கள். அமெரிக்காவில் விரல்களை ஒன்றோடொன்று வாரால் கட்டும் முறை 1940-களில் பரவியது. உங்கள் கையுறையில் விரல்கள் கட்டப்படவில்லை. அமெரிக்கச் சேகரிப்பாளர் இதைப் பார்த்தால் '1940-க்கு முன்' என்று சட்டென்று சொல்லிவிடுவார். அந்த அவசரம் எனக்குக் கிடையாது, ஏனென்றால் ஒருமுறை சூடு பட்டிருக்கிறேன்.

ஐந்தாறு வருடத்துக்கு முன், நாரா பக்கம் ஒரு வீட்டைக் காலி செய்தபோது கிடைத்த கையுறையை 1920-களின் பொருள் என்று அடித்துச் சொன்னேன். நண்பர் ஒருவர் கள்ள நோட்டுப் பார்க்கும் நீல விளக்கை அதன் மேல் பிடித்தார். தோல் இருட்டாகக் கிடக்க, தையல் நூல் மட்டும் வேட்டிக்கு நீலம் போட்ட மாதிரி பளீரென்று மின்னியது. நூலையும் துணியையும் அப்படி மின்ன வைக்கும் வெளுப்பூட்டிகள் பரவலாக வந்தது ஏறக்குறைய 1950-க்குப் பிறகுதான். யாரோ பிற்பாடு பழைய கையுறையைப் பிரித்துத் தைத்திருக்கலாம் என்று வாதாடிப் பார்த்தேன். பிரித்துப் பார்த்தால் தோலில் ஒரே வரிசை ஊசித் துளைதான். அதுதான் முதல் தையல். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு தேநீர் குடித்தேன். நீங்களும் அந்த விளக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நூல் மின்னினால் சந்தேகப்படுங்கள். மின்னாவிட்டால் பழசு என்று முடிவு கட்டாதீர்கள். சோதனை ஒரு பக்கம்தான் வெட்டும்.

உங்கள் கையுறையில் இதைவிட நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. மூன்றாவது படத்தில், மணிக்கட்டுப் பட்டையில் அழுத்திப் பதித்த நான்கு எழுத்துகள். 'ஜிட்சுயோ ஷின்-ஆன்' என்று படிக்க வேண்டும். சிறு கண்டுபிடிப்புகளுக்கு ஜப்பானில் 1905 முதல் தரப்படும் பதிவுரிமையின் பெயர் அது. அந்த எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடுகின்றன. நீங்கள் இடமிருந்து படித்ததால்தான் உங்கள் மொழிபெயர்ப்புச் செயலி உளறியிருக்கிறது. போருக்கு முன்பு ஜப்பானியக் கிடைவரி எழுத்து பெரும்பாலும் வலமிருந்து இடம். போர் முடிந்த பிறகு இடமிருந்து வலமாக நிலைத்துவிட்டது. அடுத்து 'ஜிட்சு' என்ற முதல் எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இன்று அதை 8 கோடுகளில் எழுதுகிறார்கள். உங்கள் பட்டையில் இருப்பது 14 கோடுகள் கொண்ட பழைய வடிவம். 1946-இல் தொடங்கி 1949 வரை நடந்த எழுத்துச் சீர்திருத்தத்தில் பழைய வடிவங்கள் கழிந்தன. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் தயங்குவேன். பழைய அச்சை வைத்திருக்கும் பட்டறை சட்டம் மாறியதற்காக அதைத் தூக்கி எறிந்துவிடாது. இரண்டும் ஒன்றாக நிற்கும்போது, போருக்கு முந்தையது என்ற பக்கம் தராசு நன்றாகவே சாய்கிறது.

ஆகவே 1920-களின் தொடக்கத்துக்கும் 1940-களின் நடுவுக்கும் இடையில். இன்னும் குறுக்க முடியுமா? 1938-இல் ராணுவத் தேவைக்காகத் தோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. விளையாட்டுச் சாமானுக்கு நல்ல தோல் கிடைப்பது அரிதானது. 1943-இல் தொழில்முறை ஆட்டத்தில் 'ஸ்டிரைக்', 'அவுட்' என்ற ஆங்கிலச் சொற்களையே விலக்கி, ஜப்பானியச் சொல்லில் கூவ வைத்தார்கள். போர் முடிந்த கையோடு, தோல் கிடைக்காமல் அம்மாக்கள் பழந்துணியில் பிள்ளைகளுக்குக் கையுறை தைத்துக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட ஒரு துணிக் கையுறை என்னிடம் இருக்கிறது, உள்ளே கந்தல் பஞ்சு. என்னிடம் உள்ளவற்றில் எனக்குப் பிடித்தது அதுதான். உங்களுடையது தடிமனான, முழுசான தோல். அதனால் 1938-க்கு முன்பு என்று ஊகிக்கிறேன். இது ஊகம், முந்தைய பத்தியில் சொன்னது போல எழுத்துச் சாட்சி கொண்டதல்ல.

என்ன தோல் என்று கேட்டிருந்தீர்கள். படத்தை வைத்துச் சொல்வது கடினம். பன்றித் தோல் என்றால் மயிர்த் துளைகள் மூன்று மூன்றாகக் கூடி நிற்கும்; அது இல்லை, ஆகவே பன்றி இல்லை. மாடா குதிரையா என்பதை நேரில் லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் சொல்வேன். நான்காவது படத்தில் கிழிந்த ஓரம் உள்வரை பழுப்பாக இருக்கிறது. நம்மூரில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோலின் வெட்டு முகம் அப்படித்தான் இருக்கும். குரோம் போட்டுப் பதனிட்டதில் நடுவே நீலச் சாம்பல் நிறம் தெரியும். ஆனால் பல வருட எண்ணெயும் வியர்வையும் ஊறினால் குரோம் தோலும் பழுப்பேறிவிடும் என்பதால், பட்டைத் தோல் என்று பாதி மனதோடுதான் சொல்கிறேன். அதோடு, இரண்டு முறையும் அந்தக் காலத்தில் புழக்கத்தில் இருந்தவை; வயது சொல்ல இது உதவாது. எங்கே தைத்தது? ஒசாகாவில் மிசுனோ சகோதரர்கள் 1906-இல் கடை தொடங்கி, 1913-இல் கையுறையும் பந்தும் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். பிற்பாடு நாராவின் மியாகே பக்கம் வீட்டுக்கு வீடு கையுறைத் தையல் பரவியது. ஆனால் உங்கள் கையுறையில் படிக்கக்கூடிய கடைப் பெயர் இல்லாதபோது, இந்தப் பெயர்களில் ஒன்றை அதன் மேல் ஒட்டுவது விற்றவர் செய்த அதே வேலையைத்தான் நானும் செய்வதாகும்.

பந்து தனிக் கதை. தோல் பந்தாக இருந்திருந்தால் தையல், உள்ளே கார்க் என்று ஒரு பத்தி எழுதியிருப்பேன். உங்களுடையது உள்ளே வெற்றிடமான ரப்பர் பந்து, மேலே குழிக்குழி. இதற்கு 'நன்ஷிகி' பந்து என்று பெயர். ஜப்பானிலேயே பிறந்தது, அதிலும் நீங்கள் வாங்கிய கியோட்டோவிலேயே. தோல் பந்து சிறுவர்களுக்கு விலையும் அதிகம், பட்டால் அடியும் அதிகம். 1918-19 வாக்கில் சுசுகா சகாயே என்ற எழுதுபொருள் வியாபாரி முன்னின்று இந்த ரப்பர் பந்தை உருவாக்கினார். பள்ளிக்கூட மைதானங்களையெல்லாம் அது பிடித்துக்கொண்டது. இன்றும் ஜப்பானில் சிறு வகுப்புப் பள்ளிப் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை அணிகளும் பெரும்பாலும் இந்த வகைப் பந்தில்தான் ஆடுகிறார்கள். மெய்ஜி முடிந்து ஆறேழு வருடம் கழித்துப் பிறந்த பந்து மெய்ஜி பந்தாக முடியாது. எவ்வளவு பிந்தியது என்பதற்கு, மேலே உள்ள அச்சு முழுக்கத் தேய்ந்துவிட்டதால், என்னால் வருடம் சொல்ல முடியவில்லை. கையுறையும் பந்தும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை என்று எண்ணவும் ஆதாரமில்லை. சேர்த்து வைத்தால் விலை கூடும் என்று சந்தைக்காரருக்குத் தெரியும்.

இனி எண்ணெய். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஜனவரியில் உங்கள் குளியலறைப் பாட்டிலில் நடப்பதுதான் தோலின் நாருக்குள்ளும் நடக்கும். மேலே வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். அதைவிடக் கெடுதல், எண்ணெயில் உள்ள கொழுப்பமிலம் பித்தளையை அரிப்பது. ஐலெட்டுகளைச் சுற்றி மெழுகு மாதிரி பச்சையாக ஒட்டியிருக்கிறதே, அது யாரோ முன்பு பூசிய எண்ணெயும் செம்பும் சேர்ந்து உண்டானது. மூங்கில் பல்குத்தியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள், உலோக ஊசி வேண்டாம். மென்மையான பிரஷால் தூசி தட்டினால் போதும். தட்டும்போது செம்மண் போலச் சிவந்த தூள் கையில் ஒட்டினால் நிறுத்திவிடுங்கள். பட்டைத் தோல் அமிலமேறி உதிரும் நோய் அது, பூசுகிற எதுவும் அதைக் குணப்படுத்தாது. அந்த நிலையில் தோல் பராமரிப்பு தெரிந்த ஒருவரிடம்தான் காட்ட வேண்டும். விரல்களுக்குள் அமிலமற்ற டிஷ்யூ தாளைத் திணித்து வடிவம் நிற்க வையுங்கள், செய்தித்தாள் வேண்டாம். உள்ளே கம்பளி ஃபெல்ட் இருப்பதால் பூச்சிக்கு அது விருந்து, மாதம் ஒருமுறை பாருங்கள். ஜூனில் ட்சுயு மழை தொடங்கினால் ஒசாகா அலமாரிகளில் ஒரே வாரத்தில் பூஞ்சை ஏறும். அந்த ஆறு வாரமும் கையுறையை அலமாரிக்குள் அடைக்காமல், ஈரம் உறிஞ்சும் கருவி ஓடும் அறையில் வையுங்கள். பந்தைக் கையுறைக்குள் வைத்து அழகு பார்க்காதீர்கள். பழைய ரப்பர் கந்தக வாயு விடும். தோலுக்கும் பித்தளைக்கும் அது ஆகாது. தனித்தனிப் பெட்டி.

விலையைப் பற்றிக் கேட்டதற்கு ஒரே வரி: கொடுத்த 9,000 நஷ்டமில்லை, லாபத்துக்கு விற்கும் பொருளும் இல்லை.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். பதிவுரிமை எழுத்துகளுக்குக் கீழே எண்கள் இருக்கின்றன. உங்கள் படத்தில் முதல் மூன்று மட்டும் தெரிகிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பட்டைக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய தோலைத் தொடும் சாய்வில் பிடித்து நாலு திசையிலிருந்தும் படம் எடுங்கள். தேய்ந்த பள்ளங்கள் நிழலில் எழுந்து வரும். முழு எண் கிடைத்தால் ஜப்பான் காப்புரிமை அலுவலகத்தின் ஜே-பிளாட்பேட் தளத்தில் தேடிப் பார்க்கலாம். பதிவு அகப்பட்டால் தேதியும் வரைபடமும் பெயரும் ஒரே பக்கத்தில் இருக்கும். 1938-க்கு முன் என்ற என் ஊகம் நிற்குமா விழுமா என்பதும் அன்றைக்குத் தெரியும். படங்களை இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.